ஓபன் ஆக்சஸ்: இரண்டு முறை பிறந்த ஒரு சொல்

இந்த எபிசோடை ஒரு பில்லில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷம் முன்னாடி, நான் எழுதின ஒரு ஆய்வுக்கட்டுரையை ஒரு வெளிநாட்டு ஜர்னல் ஏற்றுக்கொண்டது. என்னோட முதல் பேப்பர். வீட்ல அம்மா கேசரி கிண்டினாங்க. மறுநாள் காலையில் இன்னொரு மெயில். உங்கள் கட்டுரையை உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி "ஓபன் ஆக்சஸ்" ஆக வெளியிட வேண்டுமா, அப்படியானால் இவ்வளவு டாலர் கட்டுங்கள் என்று. ரூபாயில் மாற்றிப் பார்த்தேன். அப்போ எனக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகையில் ஏழு மாசக் காசு.

கட்டலைன்னா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. கட்டுரை எப்படியும் வரும். ஆனால் அந்த ஜர்னலுக்குச் சந்தா கட்டும் லைப்ரரிகளில் இருப்பவர்கள் மட்டும்தான் படிக்க முடியும். எங்கள் கல்லூரி சந்தா கட்டவில்லை. அதாவது நான் எழுதியதை என் பக்கத்து சீட்டில் இருக்கும் தோழி படிக்க முடியாது. என் கைடு படிக்க முடியாது. டெக்னிக்கலா பார்த்தா, நானே படிக்க முடியாது!

கல்லூரி லைப்ரரியன் மேடம்கிட்ட போய்ப் புலம்பினேன். அவங்க பதில் சொல்லாம ஒரு கேள்வி கேட்டாங்க. "ஓபன் ஆக்சஸ்னா என்ன அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேடம். நெட்ல ஃப்ரீயா படிக்கிறது."

"அது ரெண்டாவது அர்த்தம்பா. முதல் அர்த்தம் வேற" என்றார்.

அந்த முதல் அர்த்தத்தைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

1890களின் லண்டனுக்குப் போவோம். ஒரு பொது நூலகத்துக்குள் நுழைகிறீர்கள். உங்கள் கண்ணில் முதலில் படுவது புத்தகம் இல்லை, ஒரு பெரிய பலகை. "இண்டிகேட்டர்" என்று பெயர். பலகை முழுக்கச் சின்னச் சின்னத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகத்தின் எண். ஒரு நிறம் தெரிந்தால் புத்தகம் உள்ளே இருக்கிறது, வேறு நிறம் தெரிந்தால் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். நீங்கள் கேட்டலாகைப் புரட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு, பலகையில் நிறத்தைச் சரிபார்த்து, கவுண்டரில் போய்ச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் எடுத்து வந்து தருவார். ரேஷன் கடை மாதிரிதான். அரிசி எப்படி இருக்குன்னு மூட்டையில் கைவிட்டுப் பார்க்க விடமாட்டாங்க இல்லையா, அதே கதை. என்ன புத்தகம் வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கு மட்டும்தான் அது நூலகம். தெரியாதவருக்கு அது ஒரு பலகை.

1894-ல், லண்டனின் கிளார்க்கன்வெல் பகுதி நூலகராக இருந்த ஜேம்ஸ் டஃப் பிரவுன் இதை மாற்றினார். உள்ளே போக ஒரு சிறு கதவு, வெளியே வர இன்னொன்று, இரண்டையும் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள். நடுவில் இருக்கும் அத்தனை அலமாரியும் வாசகருக்குத் திறந்தது. "பாதுகாப்புள்ள ஓபன் ஆக்சஸ்" என்று பெயர் வைத்தார். வாசகர்களிடம் இருந்து பெரிய எதிர்ப்பு வரவில்லை. வந்தது சக நூலகர்களிடம் இருந்து. திருடிட்டுப் போயிடுவாங்க, இடம் மாற்றி வெச்சுடுவாங்க, இதெல்லாம் நடக்காத காரியம் என்று நூலகர்களின் பத்திரிகைகளில் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள். எதிர்த்தவர்களில் ஆல்ஃபிரட் காட்கிரீவும் ஒருவர். அந்த இண்டிகேட்டர் பலகைகளில் பிரபலமான ஒன்றை வடிவமைத்தவர் அவர்தான். பூட்டு செய்பவரிடம் போய்க் கதவைத் திறந்து வைக்கலாமா என்று கேட்டால் வேறென்ன சொல்வார்!

இந்தச் சண்டை நம்ம ஊருக்கு வந்த வழி கொஞ்சம் விசித்திரமானது. சீர்காழிக்காரர் ஒருவர், எஸ். ஆர். ரங்கநாதன், 1892-ல் பிறந்தவர், மெட்ராஸ் பிரசிடென்சி கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் வேலைக்கு வந்தார். நூலகக் கலை மேல் காதல் எல்லாம் ஒன்றும் இல்லை, சம்பளம் கூட. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே போரடித்துப்போய், திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று பழைய கல்லூரியிடமே போய் நின்றார். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பு படித்துவிட்டு வா, அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜில் பெர்விக் சேயர்ஸ் என்பவரிடம் படித்தார். சேயர்ஸ் க்ராய்டன் ஊரின் பொது நூலகத்தை நடத்தியவர். அங்கேயும் மற்ற ஊர்களிலும் ரங்கநாதன் பார்த்த நூலகங்களில் வாசகர்கள் அலமாரிக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார்கள். (பொம்மைக் கடையில் மெக்கானோ செட்டைப் பார்த்துவிட்டுப் புதிய வகைப்பாட்டு முறையையே யோசித்த கதைக்குத் தனி எபிசோட் போடணும். இன்னிக்கு விட்டுடுவோம்.) 1925-ல் திரும்பி வந்தவர் கணக்குப் பாடத்துக்குத் திரும்பிப் போகவே இல்லை. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் திறந்த அலமாரி முறையைக் கொண்டுவந்தார். 1931-ல் எழுதிய "நூலகவியலின் ஐந்து விதிகள்" புத்தகத்தில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்த பழைய ஐரோப்பியப் புத்தகங்களில் இருந்து கதையை ஆரம்பிக்கிறார். அவருடைய மூன்றாவது விதி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதன் வாசகர் கிடைக்க வேண்டும் என்பது. அது நடப்பதற்கு முதல் வழியாக அவர் சொல்வது என்ன தெரியுமா? ஓபன் ஆக்சஸ். அதே ரெண்டு வார்த்தை, 1931-ல், மெட்ராஸில்.

மூன்றாவது விதியைக் கொஞ்சம் நின்று கவனியுங்க. வாசகருக்குப் புத்தகம் கிடைக்கணும்னு எல்லாரும் சொல்வாங்க. புத்தகத்துக்கு வாசகர் கிடைக்கணும்னு சொன்னது இவர். தேடாதவர் கையிலும் தற்செயலாகத் தட்டுப்பட வேண்டும் என்கிறார். என் பேப்பருக்கு நடக்காமல் போன விஷயம் இதுதான்.

சரி, ரெண்டாவது அர்த்தம் எங்கிருந்து வந்தது?

அலமாரி திறந்தது. ஆனால் அலமாரியில் வந்து உட்காரும் ஜர்னல்களின் விலை ஏற ஆரம்பித்தது. இதில் ராபர்ட் மேக்ஸ்வெல் என்ற பெயரைத் தவிர்க்க முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசாங்கங்கள் அறிவியலில் பணத்தைக் கொட்டின. மேக்ஸ்வெல் 1951-ல் ஒரு சின்ன பதிப்பகத்தை வாங்கி பெர்கமான் பிரஸ் என்று பெயர் வைத்து, ஒவ்வொரு புதுத் துறைக்கும் ஒரு ஜர்னல் ஆரம்பித்துக்கொண்டே போனார். அவர் புரிந்துகொண்ட விஷயம் ரொம்ப எளிமையானது. சோப்பு விலை ஏறினால் வேற சோப்பு வாங்கலாம். ஒரு ஜர்னல் விலை ஏறினால் அதில் வந்த கட்டுரை வேறெங்கும் கிடைக்காது. விலை ஏற ஏற லைப்ரரி கட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு பக்கம், எழுதுகிறவருக்குக் காசு கிடையாது. சரிபார்க்கும் பேராசிரியர்களுக்கும் பெரும்பாலும் கிடையாது. ரெண்டு பேருக்கும் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். கடைசியில் ஜர்னலை விலைக்கு வாங்குவதும் அதே பல்கலைக்கழகத்தின் லைப்ரரி. நம்ம வீட்டு மாவை நாமே அரைச்சு ஓட்டலுக்குக் கொடுத்துட்டு, அந்த இட்லியை நாமே காசு கொடுத்து வாங்குற மாதிரி. பெர்கமான் 1991-ல் எல்செவியர் நிறுவனத்திடம் போனது.

90களில் எல்லாம் டிஜிட்டல் ஆனபோது விலை குறையும் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. பதிப்பகங்கள் நூற்றுக்கணக்கான ஜர்னல்களை ஒரே கட்டாகக் கட்டி விற்றன. கேபிள் டிவி பேக்கேஜ் நினைவிருக்கா? ஒரு சேனல் பார்க்க நாற்பது சேனலுக்குக் காசு. அதேதான். அதைவிட முக்கியமான ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. அச்சு ஜர்னலுக்குச் சந்தாவை நிறுத்தினால் பழைய இதழ்கள் ரேக்கிலேயே இருக்கும், அது லைப்ரரியின் சொத்து. டிஜிட்டலில் லைப்ரரி வாங்குவது பெரும்பாலும் பார்க்கும் உரிமையை. சந்தா நின்றால், நல்ல ஒப்பந்தம் போட்டிருந்தால் ஒழிய, பழைய இதழும் சேர்ந்து மறையும். இண்டிகேட்டர் பலகை திரும்ப வந்துவிட்டது. இந்தத் தடவை அது லாகின் பேஜ்.

எதிர்வினை ஆராய்ச்சியாளர்களிடம் இருந்துதான் தொடங்கியது. 1991 ஆகஸ்ட்டில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர், லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், கட்டுரைகளை ஜர்னலில் வருவதற்கு முன்னாடியே பகிர்ந்துகொள்ள ஒரு சர்வர் போட்டார். இன்று நாம் ஆர்க்சைவ் என்று சொல்வது அதுதான். 2001-ல் அவர் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அதுவும் கூடவே போனது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கு வந்தது? கார்னெல் நூலகத்துக்கு. வெளியே இருந்து புத்தகம் வாங்கி உள்ளே வைப்பதுதான் லைப்ரரி வேலை என்றிருந்த இடத்தில், உள்ளே எழுதப்படுவதை வெளியே அனுப்புவதும் லைப்ரரி வேலைதான் என்று ஆனது. எனக்கு இந்தத் திருப்பம், ஜேம்ஸ் டஃப் பிரவுன் கதவைத் திறந்ததற்குச் சமமாகப் படுகிறது.

2001 டிசம்பரில் புடாபெஸ்டில் ஒரு சின்னக் கூட்டம். அதன் அறிக்கை 2002 பிப்ரவரி 14 அன்று வந்தது. ஆமாம், காதலர் தினம்! "ஓபன் ஆக்சஸ்" என்ற சொல்லுக்கு இன்றைய அர்த்தத்தை அந்த அறிக்கைதான் ஊர் அறியச் செய்தது. ரெண்டு வழி சொன்னார்கள். ஒன்று, ஜர்னல் எங்கு வந்தாலும் கட்டுரையின் ஒரு பிரதியை எழுதியவரே பொதுக் களஞ்சியத்தில் போட்டு வைப்பது. இன்னொன்று, வாசகரிடம் காசு கேட்காத ஜர்னல்களையே நடத்துவது. இந்தியா இதில் பின்தங்கி நிற்கவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2002-லேயே தன் களஞ்சியத்தைத் தொடங்கியது. சென்னையில் இருந்துகொண்டு சுப்பையா அருணாச்சலம் இதற்காகப் பல வருஷம் பேசியும் எழுதியும் வந்தார். 2004-ல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கான பயிற்சிப் பட்டறைகளே நடத்தினார்.

பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கு இது தலைவலியே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹார்வர்டில் 2008 பிப்ரவரியில் கலை, அறிவியல் துறை ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு ஒரு விதி கொண்டுவந்தார்கள். கட்டுரையைப் பகிரும் உரிமையை முன்கூட்டியே பல்கலைக்கழகத்துக்குத் தந்துவிடுவது, லைப்ரரி அதைக் களஞ்சியத்தில் ஏற்றிவிடும். 2012-ல் அதே ஹார்வர்டின் நூலகக் குழு, வருஷத்துக்கு 37.5 லட்சம் டாலர் சந்தா இனித் தாங்காது என்று ஆசிரியர்களுக்கு எழுதியது. ஹார்வர்டுக்கே தாங்கலைன்னா பாருங்க.

நிஜமான மோதல் 2019-ல் வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகம், 10 வளாகங்கள். அமெரிக்க ஆய்வு வெளியீடுகளில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. எல்செவியருக்கு வருஷத்துக்குச் சுமார் 1.1 கோடி டாலர் கட்டிக்கொண்டிருந்தார்கள். புதிய ஒப்பந்தத்தில் அவர்கள் கேட்டது இதுதான்: படிக்கவும் வெளியிடவும் சேர்த்து ஒரே தொகை, எங்கள் ஆட்கள் எழுதுவது எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், மொத்தச் செலவு ஏறக் கூடாது. பேச்சுவார்த்தைக் குழுவை வழிநடத்தியவர்களில் ஒருவர் பெர்க்லி நூலகத்தின் அப்போதைய தலைவர் ஜெஃப்ரி மெக்கி மேசன். ஒரு பொருளாதார நிபுணர், அதனால் எதிரணியின் கணக்கும் அவருக்குத் தெரியும்.

பேச்சு முறிந்தது. பிப்ரவரி 28 அன்று சந்தாவை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். ஜூலையில் புதிய கட்டுரைகளுக்கான கதவை எல்செவியர் மூடியது. ஒரு டாக்டர், ஒரு கெமிஸ்ட், ஒரு பிஎச்.டி. மாணவர், காலையில் லாகின் செய்கிறார், வராது. இதைச் சமாளிப்பதுதான் லைப்ரரி சேவையின் உண்மையான பரீட்சை. வேற நூலகங்களில் இருந்து கட்டுரையை இரவல் வாங்கிக் கொடுத்தார்கள், இலவசப் பிரதி எங்கே இருக்கிறது என்று தேடக் கற்றுக்கொடுத்தார்கள். பேராசிரியர்கள் லைப்ரரி மேல் பாய்வார்கள் என்றுதான் எதிர்பார்ப்பு. அந்த ஆகஸ்ட்டில், 30க்கும் மேற்பட்ட பேராசிரியர்கள், ஜெனிஃபர் டவுட்னா உட்பட, எல்செவியரின் செல் பிரஸ் ஜர்னல்களின் ஆசிரியர் குழு வேலையை நிறுத்தி வைத்தார்கள். 2021 மார்ச்சில் நிறுவனம் இறங்கி வந்தது. நான்கு வருட ஒப்பந்தம். ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் 1,000 டாலரை நூலகம் கட்டும். மிச்சத்தை ஆசிரியரின் ஆய்வு நிதி கட்டும். நிதி இல்லாதவருக்கு மொத்தமும் நூலகமே கட்டும்.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு வயிறெரிந்தது, மறைக்க விரும்பவில்லை. பெர்க்லியில் இருக்கும் என் வயசு மாணவிக்கும் இப்படி ஒரு பில் வரும். அவள் அதை லைப்ரரிக்கு ஃபார்வர்டு பண்ணிட்டுத் தூங்கப் போவாள்.

அதனால்தான் கலிபோர்னியாவின் வெற்றியை நான் பாதி வெற்றி என்கிறேன். வாசகர் முன்னால் இருந்த கவுண்டர் போய், எழுதுகிறவர் முன்னால் கவுண்டர் வந்திருக்கிறது. 2021 முதல் நேச்சர் ஜர்னலில் ஓபன் ஆக்சஸ் ஆக வெளியிட 9,500 யூரோ கேட்டார்கள். நம்ம காசுக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். மிக ஏழ்மையான நாடுகளுக்குப் பல பதிப்பகங்கள் கட்டண விலக்கு தருகின்றன. இந்தியா பெரும்பாலும் அந்தப் பட்டியலில் வராது. ரொம்ப ஏழையும் இல்லை, கட்டும் அளவுக்குப் பணக்காரரும் இல்லை. மிடில் கிளாஸ் சாபம் இங்கேயும்.

வேற வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பிரேசிலில் 1998-ல் சைலோ என்ற தளத்தைப் பொதுப் பணத்தில் தொடங்கினார்கள். லத்தீன் அமெரிக்காவில் பல ஜர்னல்களைப் பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன, வாசகருக்கும் கட்டணம் இல்லை, எழுதுபவருக்கும் பெரும்பாலும் இல்லை. ஜர்னல் நடத்தும் சாஃப்ட்வேரும் இலவசம். கனடாவில் ஜான் வில்லின்ஸ்கி தொடங்கிய திட்டத்தில் இருந்து 2001-ல் வந்தது, இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஜர்னல்கள் அதில் ஓடுகின்றன.

நம் அரசாங்கம் எடுத்தது வேறு வழி. "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம், 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல், மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் கிட்டத்தட்ட 13,000 ஜர்னல்கள், 6,300 அரசு நிறுவனங்கள். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இது நிஜமாகவே பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாவட்டத் தலைநகரில் படிக்கும் ஒரு எம்.எஸ்சி. மாணவி ஐஐடி மாணவர் படிக்கும் அதே ஜர்னலைப் படிக்கலாம். ஆனால் முதல் கட்டத்தில் தனியார் கல்லூரிகள் இல்லை. தமிழ்நாட்டில் தனியார் கல்லூரிகளில் எத்தனை பேர் படிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போ என் பேப்பர் கதைக்கு வருவோம். லைப்ரரியன் மேடம் கேள்வி கேட்டதோடு விடவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து ஒரு தளத்தைத் திறந்தார். அப்போ அதன் பெயர் ஷெர்பா ரோமியோ. சிரிக்காதீங்க, நிஜப் பெயர். ஒவ்வொரு ஜர்னலும் எழுதியவருக்கு என்ன உரிமை விட்டு வைக்கிறது என்று அதில் பார்க்கலாம். "உன் கட்டுரைக்கு மூணு உருவம் இருக்கு" என்றார். நீ முதலில் அனுப்பியது ஒன்று. திருத்தங்கள் எல்லாம் முடிந்து அவர்கள் ஏற்றுக்கொண்டது இரண்டாவது. அவர்கள் அழகாக வடிவமைத்து வெளியிடுவது மூன்றாவது. மூன்றாவது அவர்கள் கையில். இரண்டாவதை, ஒன்றரை வருஷம் கழித்து, நீயே பொதுக் களஞ்சியத்தில் போடலாம் என்று இந்த ஜர்னல் அனுமதித்திருக்கிறது. காசே கட்ட வேண்டாம். புடாபெஸ்டில் சொன்ன முதல் வழி.

"எந்தக் களஞ்சியம் மேடம்? நம்ம காலேஜ்ல இல்லையே?"

"செனோடோன்னு ஒண்ணு இருக்கு, செர்ன் ஆய்வகம் நடத்துது. யார் வேணா போடலாம். அந்தக் கடைசி வேர்டு ஃபைலை மட்டும் பத்திரமா வெச்சுக்கோ, பாதிப் பேர் அதைத் தொலைச்சுட்டுத்தான் என்கிட்ட வருவாங்க."

பத்திரமா வெச்சுக்கிட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து ஏற்றினேன். இது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தனி அலுவலகம், தனி நிதி, தனி ஆட்கள் வைத்துச் செய்யும் வேலை. எங்கள் கல்லூரியில் அதை ஒரே ஒருவர், புத்தகம் திரும்ப வாங்கும் கவுண்டரில் உட்கார்ந்தபடியே செய்தார்.

ஏற்றின அன்றைக்கு சும்மா ரங்கநாதனின் ஐந்து விதிகள் புத்தகத்தைத் தேடினேன். கடற்கரைச் சாலையில் இருக்கும் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகணுமோ என்று நினைத்தேன். தேவைப்படவில்லை. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்துக் களஞ்சியம் ஒன்றில், ரங்கநாதன் தொடங்கிய அறக்கட்டளையின் அனுமதியோடு, ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருந்தார்கள். வேளச்சேரி ட்ரெயினில் நின்றுகொண்டே மூன்றாவது விதியைப் படித்தேன். திருவான்மியூரில் இறங்க வேண்டியவள் வேளச்சேரி வரைக்கும் போயிட்டேன்.